நாற்பது பெயர்களில் நிலவேம்பின் கசப்பு எங்கே?

கேள்வி இது: "நிலவேம்பு இலைத் தூளை மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தேன். அதை ஜி.சி.-எம்.எஸ். கருவியில் கொடுத்து 40 சேர்மங்களின் பட்டியல் பெற்றேன். இவற்றை நிலவேம்பின் மருத்துவச் சேர்மங்கள் என்று ஆய்வேட்டில் எழுதலாமா? அடுத்து என்ன செய்ய வேண்டும்?"

எழுத வேண்டாம் என்பதே என் பதில். காரணம் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. நிலவேம்பை நாவில் வைத்த எவரும் முதலில் உணர்வது அதன் கசப்பை. அந்தக் கசப்புக்கு முதன்மையான காரணம் ஆண்ட்ரோகிராபோலைடு. நல்ல இலையில் அது காய்ந்த எடையில் 1 முதல் 3 சதவீதம் வரை இருக்கும். ஒரு செடியின் சிறப்புச் சேர்மத்துக்கு இது மிகப் பெரிய அளவு. அப்படிப்பட்ட ஒன்று நீங்கள் அனுப்பிய நாற்பது பெயர்களில் இல்லை. சாற்றில் அது நிச்சயம் இருந்திருக்கும். கருவிதான் அதைப் பார்க்கவில்லை.

ஜி.சி.-எம்.எஸ். கருவி, சேர்மங்களை வாயு வண்ணப்பிரிகையால் தனித்தனியாகப் பிரித்து, பிறகு ஒவ்வொன்றையும் உடைத்துத் துண்டுகளின் எடையை நிறை நிறமாலையாகக் காட்டுவது. வாயு வண்ணப்பிரிகையில் மாதிரி முதலில் ஆவியாக வேண்டும். நுழைவறை வழக்கமாக 250 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அங்கே சிதையாமல் ஆவியாகிறவை மட்டுமே குழாய்க்குள் போகும். ஆண்ட்ரோகிராபோலைடு 230 டிகிரியை ஒட்டித்தான் உருகவே தொடங்குகிறது. மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளைச் சுமந்துகொண்டு அது எளிதில் ஆவியாகாது. அதன் உறவான நியோஆண்ட்ரோகிராபோலைடில் ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது. அது நுழைவறையிலேயே கருகிவிடும். ஆக உங்களிடம் இருப்பது ஆவியாகக்கூடியவற்றின் பட்டியல் மட்டுமே.

அதில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். ஹெக்ஸாடெக்கனாயிக் அமிலம் எந்த இலையிலும் உள்ள கொழுப்பு அமிலம். அதன் மெத்தில் எஸ்டரும் பட்டியலில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியேனும் நீங்கள் ஊற்றிய மெத்தனால் உண்டாக்கியதாக இருக்கலாம். பைட்டால் பச்சையத்தின் வால். பச்சை இலை எதுவாயினும் அது வரும். ஸ்குவாலீன் தாவரங்களில் பரவலாக இருப்பது. கடைசியில் ஒரு தாலேட்டும் இருக்கிறது. இந்தப் பட்டியலின் தலைப்பில் நிலவேம்பை எடுத்துவிட்டு வேறு எந்தச் செடியின் பெயரை வைத்தாலும் யாருக்கும் வேறுபாடு தெரியாது. எனக்கு அதுதான் வேதனை. உழைத்தது நீங்கள், அந்த உழைப்பில் உங்கள் செடியின் முகம் தெரிய வேண்டும்.

தாலேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆய்வைத் தொடங்கிய காலத்தில் எனக்கும் ஒரு வேர்ச் சாற்றில், கருவி வரையும் வரைபடத்தில் வலுவான ஒரு முகடு கிடைத்தது. நிறை நிறமாலையில் 149 என்ற இடத்தில் உயரமான கோடு. மூன்று மாதங்கள் அதன் பின்னால் போனேன். பிறகு ஒரு மூத்த ஆய்வாளர், செடியே சேர்க்காமல் வெறும் கரைப்பானை மட்டும் அதே வழியில் வடித்து, ஆவியாக்கி, கருவியில் செலுத்தச் சொன்னார். அதே முகடு அதே இடத்தில் வந்தது. கரைப்பானை ஊற்றிய பிளாஸ்டிக் குழாயிலிருந்து வந்த தாலேட் அது; பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கும் நெகிழ்வூட்டி. அன்று முதல் செடியில்லாத வெற்று ஓட்டம் ஒன்று இல்லாமல் நான் எந்தச் சோதனையையும் ஏற்பதில்லை. 207, 281 ஆகிய எண்களில் கோடுகள் வந்தாலும் கவனியுங்கள். அவை பெரும்பாலும் கருவிக் குழாயின் உட்பூச்சிலிருந்து கசியும் சிலோக்ஸேன்கள்.

கருவியைக் குறை சொல்லவில்லை. துளசி, எலுமிச்சைப்புல் போன்றவற்றின் நறுமண எண்ணெய்க்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அங்கேயும்கூட, கணினியில் உள்ள நிறமாலை நூலகத்தோடு பொருத்தம் 90 சதவீதம் என்று அது சொன்னதை அடையாளமாகக் கொள்ளக் கூடாது. டெர்ப்பீன்களில் பல, ஒன்றையொன்று ஒத்த துண்டுகளாகவே உடையும். நேர்ச்சங்கிலி ஆல்கேன்களை உடன் ஓட்டி, ஒவ்வொரு முகடும் வெளிவரும் நேரத்தைத் தங்கல் குறியீட்டு எண்ணாக மாற்றி, அதுவும் பொருந்தினால்தான் பெயர் சூட்டலாம்.

இனி முதலிலிருந்து தொடங்குவோம். இலையை அரைப்பதற்கு முன்பே முடிவாக வேண்டியவை இரண்டு. ஒன்று, கையில் இருப்பது எந்தச் செடி என்பது. நிலவேம்பு எனப்படும் ஆண்ட்ரோகிராபிஸ் பானிகுலேட்டாவும் ஸ்வெர்ஷியா பேரினத்துச் சிராயிதாவும் கசப்பு மூலிகைகள். உலர்ந்த தூளாகும்போது ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்துவிடுவது உண்டு. சிராயிதாவில் ஆண்ட்ரோகிராபோலைடு கிடையாது. அதன் கசப்பு அமரோஜென்டின் போன்ற வேறு வகைச் சேர்மங்களால் வருவது. நாக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. எனவே பூவோடு கூடிய முழுச் செடியை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளர் ஒருவரிடம் உறுதிசெய்து, உலர்தாவரக் காப்பகத்தில் எண்ணிட்டு வையுங்கள். பறித்த நாள், இடம், பருவம், எந்தப் பாகம் என்பதையும் குறியுங்கள். நிலவேம்பில் இந்தச் சேர்மம் இலையில்தான் மிகுதி, தண்டில் குறைவு. தண்டோடு அரைத்த தூளையும் தனி இலைத் தூளையும் ஒப்பிட்டால் முடிவு தாறுமாறாக இருக்கும்.

இரண்டாவது, எதைத் தேடுகிறீர்கள் என்பது. தெரிந்த சேர்மம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது ஒரு வேலை. புதிய சேர்மத்தைப் பிரித்து அமைப்பைக் கண்டறிவது இன்னொரு வேலை. கிருமியைத் தடுப்பது எது என்று தேடிப் போவது மூன்றாவது. கரைப்பானிலிருந்து கருவி வரை எல்லாமே இந்தத் தேர்வைப் பொறுத்து மாறும். மூன்றையும் ஒரே சாற்றில் முடிக்க முயன்றால் மூன்றும் அரைகுறையாகும். முதல் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வதாக வைத்துப் பேசுகிறேன். பிரித்தெடுப்பும் அதில் வந்துவிடும்.

இலையை நிழலில், காற்றோட்டத்தில், 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். நொதிகளும் வேலையை நிறுத்தாது. அரைக்கும்போது மாவாக்கிவிடாதீர்கள், மாவு வடிதாளை அடைக்கும். பிறகு ஹெக்ஸேனில் ஒரு முறை ஊறவைத்து வடித்துவிட்டால் கொழுப்பும் மெழுகும் பச்சையத்தின் ஒரு பகுதியும் போய்விடும். ஆண்ட்ரோகிராபோலைடு ஹெக்ஸேனில் கரையாது என்பதால் இழப்பு அச்சம் இல்லை. மீந்த தூளை மெத்தனாலிலோ எத்தனாலிலோ ஒன்றுக்குப் பத்து என்ற அளவில் ஊறவைத்து, மூன்று முறை வடித்துச் சேருங்கள். நான்காவது முறை வடித்ததைத் தனியே வைத்து மெல்லடுக்குத் தகட்டில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். சிலிக்கா பூசிய அந்தத் தகட்டில் கரைப்பான் ஏறும்போது சேர்மங்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும். சேர்மத்தின் தடம் இன்னும் தெரிந்தால் தூளில் மிச்சம் இருக்கிறது என்று பொருள். இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் "முழுவதும் பிரித்தெடுக்கப்பட்டது" என்று எழுதும் ஆய்வேடுகள் மிகுதி.

கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பத் தூளின் வழியே அனுப்பும் சோக்ஸ்லெட் கருவி கரைப்பானைச் சிக்கனப்படுத்தும். ஆனால் அதில் சாறு மணிக்கணக்கில் கொதிநிலையிலேயே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. வெப்பம் என்ன செய்யும் என்பதற்கு, ஆர்ட்டிமிசியா செடியிலிருந்து வரும் மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் வரலாற்றைவிட நல்ல சான்று இல்லை. அந்தச் செடியின் சாறு மலேரியாவுக்கு எதிராக ஒரு முறை வேலை செய்வதும் அடுத்த முறை பொய்ப்பதுமாக இருந்தது. சீன ஆய்வாளர் து யூயூ, நான்காம் நூற்றாண்டு மருத்துவக் குறிப்பு ஒன்றில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருப்பதைக் கவனித்தார். காய்ச்சுவது பற்றி அங்கே பேச்சே இல்லை. 35 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் பிரித்தபோது, 1971-இல் தப்பாமல் வேலை செய்யும் சாறு கிடைத்தது. அந்த வேலைக்கு 2015-இல் நோபல் பரிசு வந்தது. ஆர்ட்டிமிசினினில் உள்ள பெராக்சைடுப் பாலம்தான் மருந்தின் உயிர். அதுவே அதன் மென்மையான இடமும்.

கரைப்பான் சேர்மத்தை வெளியே கொண்டுவருவதோடு நிற்பதில்லை; சில நேரம் இல்லாததை உண்டாக்கியும் விடுகிறது. வெள்ளறுகில் ஸ்வெர்ஷியாமரின் என்ற கசப்புச் சேர்மம் இருக்கிறது. அதில் நைட்ரஜன் கிடையாது. நைட்ரஜன் உள்ள சேர்மங்களான ஆல்கலாய்டுகளை எடுப்பதற்காகச் சாற்றில் அம்மோனியா சேர்த்தால் அது ஜென்ஷியானின் என்ற ஆல்கலாய்டாக மாறிவிடுகிறது. பிரித்தவர் செடியில் ஆல்கலாய்டைக் கண்டதாக எழுதுவார். உண்மையில் அதைச் செய்தது அவருடைய குடுவை. மெத்தனாலில் எஸ்டர்கள் உண்டாவதும், அருகருகே உள்ள ஹைட்ராக்சில்களை அசிட்டோன் பிணைத்துவிடுவதும் இதே வகை. சந்தேகம் எழுந்தால் வேறொரு கரைப்பானில் மீண்டும் எடுத்துப் பாருங்கள். செடியின் பொருள் இரண்டிலும் வரும்.

வடித்த சாற்றை ரோட்டரி எவாப்பரேட்டரில், குறைந்த அழுத்தத்தில், 45 டிகிரிக்குள் ஆவியாக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். 100 கிராம் இலைத் தூளில் 2 சதவீதம் இருந்தால் உங்கள் உச்ச எல்லை 2 கிராம். இறுதியில் 3 கிராம் படிகம் கிடைத்தால் அது தூய்மையாக இல்லை. 200 மில்லிகிராம்தான் என்றால் வழியில் எங்கோ கொட்டிவிட்டீர்கள். தராசு சொல்லும் இந்தக் கணக்கு பல கருவிகளைவிட நேர்மையானது.

மெல்லடுக்கு வண்ணப்பிரிகையை ஆரம்பப் பாடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நான் இன்றும் நாள்தோறும் நம்பியிருப்பது அதைத்தான். சிலிக்கா தகட்டில் சாற்றையும் தூய ஆண்ட்ரோகிராபோலைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குளோரோஃபார்மும் மெத்தனாலும் 9-க்கு 1 என்ற கலவையில் ஏற்றுங்கள். 254 நானோமீட்டர் ஒளியில் கரும்புள்ளி தெரியும். பிறகு கெட்டே கரைசலைத் தெளித்தால் நிறைவுறாத லாக்டோன் (வளையமாக மூடிய எஸ்டர்) உள்ளவை ஊதா நிறமாகும்; ஆண்ட்ரோகிராபோலைடு அப்படிப்பட்டது. மூன்றாவது தடம் ஒன்றில் சாற்றையும் தூய சேர்மத்தையும் ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அது பிரியாமல் ஒரே புள்ளியாக ஏறினால் நம்பிக்கை கூடும். தடத்தின் உயரம் ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது; கலவையை மாற்றி இன்னொரு முறையும் ஒத்திருக்க வேண்டும்.

பிரித்தெடுப்பில் நிலவேம்பு இரக்கமுள்ள செடி. சேர்மம் மிகுதியாக இருப்பதாலும் எளிதில் படிகமாவதாலும் நீண்ட சிலிக்கா குழாய் பல நேரம் தேவைப்படாது. டைகுளோரோமீத்தேனும் மெத்தனாலும் சம அளவில் கலந்த கரைப்பானில் குளிர்ந்த நிலையிலேயே ஊறவைத்து, ஆவியாக்கிய மீதியைப் பச்சை நிறம் போகும்வரை டொலுயீனால் கழுவி, சூடான மெத்தனாலில் கரைத்துக் குளிரவிட்டால் படிகங்கள் இறங்கும். நிறம் போக்கக் கரித்தூள் போடுவோரும் உண்டு. கரி உங்கள் சேர்மத்தையும் விழுங்கும் என்பதால் கொஞ்சமாகவே போடுங்கள். அளவில் சிறிய சேர்மங்களைத் தேடும்போதுதான் குழாய் வண்ணப்பிரிகையின் பொறுமை வேண்டும். நூற்றுக்கணக்கான சிறு குப்பிகளில் பிடித்து, தகட்டில் பார்த்து, ஒத்தவற்றைச் சேர்த்து, மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். அதற்குக் குறுக்கு வழி இல்லை.

இந்தக் கைப்பழக்கம் உங்களுக்கு இன்னும் வரவில்லை என்றால் முதலில் மிளகில் பைப்பரின் எடுத்துப் பாருங்கள். மிளகில் அது பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மஞ்சள் ஊசிகளாகப் படியும். 130 டிகிரி அளவில் உருகும். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்ட அதே ஓர்ஸ்டெட்தான் பைப்பரினை முதலில் பிரித்தவர். இருநூறு ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கைகொடுத்துவரும் சோதனை அது.

படிகம் கையில் வந்த பிறகு அதன் அடையாளம். இந்தப் பகுதியை நான் மிகவும் நேசிக்கிறேன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சாட்சிகள் ஒரே கதையைச் சொல்லும் இடம் இது. நிறை நிறமாலை மூலக்கூறு எடை 350 என்று சொல்லும். எச்சரிக்கை ஒன்று: நேர் அயனி முறையில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் 373 என்ற எண். அது 350-உடன் ஒரு சோடியம் அயனி ஒட்டியது. 333 என்று தெரிவது புரோட்டான் ஏற்று ஒரு நீர் மூலக்கூறை இழந்தது. இதை அறியாமல் 372 எடையுள்ள புதிய சேர்மம் கண்டதாகக் கருதியவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிர் அயனி முறையில் 349 வருகிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும். உயர் துல்லியக் கருவி 350.209 என்று காட்டினால் வாய்பாடு 20 கார்பன், 30 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன் என்று வரும்.

இப்போது ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். இருபது கார்பன் முழுமையாக நிறைவுற்றிருந்தால் 42 ஹைட்ரஜன் இருக்கும். இருப்பது 30. குறைவது 12, இரண்டால் வகுத்தால் 6. அதாவது இரட்டைப் பிணைப்புகளும் வளையங்களும் சேர்ந்து ஆறு. அடுத்து கார்பன் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையைப் பாருங்கள். அதன் அளவுகோலில் 170-ஐ ஒட்டி லாக்டோனின் கார்பனைல் ஒன்று. 148, 147, 129, 109 என்ற இடங்களை ஒட்டி நான்கு கார்பன்கள், அதாவது இரண்டு கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புகள். ஆறில் மூன்று போயிற்று. மீதி மூன்றும் வளையங்களாகத்தான் இருக்க வேண்டும். ஒட்டிய இரு ஆறுகோண வளையங்களும் ஒரு லாக்டோன் வளையமும் சரியாகப் பொருந்துகின்றன. ஹைட்ரஜன் நிறமாலையில் இரண்டு மெத்தில் தொகுதிகள் தனித்தனி ஒற்றைக் கோடுகளாகவும், 4.6-க்கும் 4.9-க்கும் இடையில் வளையத்துக்கு வெளியே நீட்டிய மெத்திலீனின் ஹைட்ரஜன்களும், 6.6-ஐ ஒட்டி லாக்டோனுடன் இணைந்த இரட்டைப் பிணைப்பின் ஹைட்ரஜனும் தெரியும். உருகுநிலையும் தூய மாதிரியோடு கலந்த உருகுநிலையும் ஒத்துவந்தால் பெயரை எழுதலாம். ஒரு பெயருக்கு இத்தனை சாட்சி வேண்டும். நாற்பது பெயர்களை ஒரே பொழுதில் எழுதிவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அளப்பதற்கு ஹெச்.பி.எல்.சி. எனப்படும் உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை ஏற்றது. சி-18 குழாய், மெத்தனாலும் நீரும் 65-க்கு 35 என்ற அளவில் கலந்த ஓடுநீர்மம், 223 நானோமீட்டரில் கண்காணிப்பு. இதிலிருந்து தொடங்கிச் சீர்செய்யலாம். இந்த அலைநீளத்தில் எத்தில் அசிட்டேட்டும் அசிட்டோனும் தாமே ஒளியை விழுங்கும். மாதிரியில் அவற்றின் எச்சம் இருந்தால் வரைபடத்தின் அடிக்கோடு கெடும். ஓடுநீர்மத்திலேயே மாதிரியைக் கரைப்பது நல்லது. தூய சேர்மத்தை மில்லிலிட்டருக்கு 5 முதல் 100 மைக்ரோகிராம் வரை ஐந்தாறு அளவுகளில் செலுத்தி நேர்கோடு வரையுங்கள்.

கணக்கு எளிது. 1 கிராம் தூளின் சாற்றை 100 மில்லிலிட்டராக்கி, அதைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து செலுத்தினீர்கள்; கருவி மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்கிறது. 20-ஐப் பத்தாலும் நூறாலும் பெருக்கினால் 20,000 மைக்ரோகிராம், அதாவது 20 மில்லிகிராம், 2 சதவீதம். தூளில் 10 சதவீதம் ஈரம் இருந்தால் உலர் எடைக்கு அது 2.22 சதவீதம் ஆகிறது. எந்த எடையைச் சொல்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். பிறகு தூளில் 10 மில்லிகிராம் தூய சேர்மத்தை முன்கூட்டியே கலந்து முழு முறையையும் திரும்பச் செய்யுங்கள். கூடுதலாக 9.2 மில்லிகிராம்தான் திரும்பி வந்தால் உங்கள் முறை 92 சதவீதத்தைத்தான் மீட்கிறது. இதைச் சொல்லாமல் எழுதும் எந்த அளவும் எனக்குப் பாதி வாக்கியமாகவே தெரிகிறது.

அதே ஓட்டத்தில் 250 நானோமீட்டரை ஒட்டி ஒளியை விழுங்கும் இன்னொரு முகடையும் கவனியுங்கள். ஆண்ட்ரோகிராபோலைடு ஒரு நீர் மூலக்கூறை இழந்தால் 332 எடையுள்ள டீஆக்சி-டைடிஹைட்ரோ வடிவமாகும். செடியிலும் அது இயல்பாக உண்டு. ஆனால் வெப்பத்தில் வைத்திருந்த சாற்றில் அதன் அளவு ஏறும், ஆண்ட்ரோகிராபோலைடின் அளவு இறங்கும். படிகமாக இருக்கும் ஆண்ட்ரோகிராபோலைடு நிலையானது. படிக வடிவம் இல்லாத தூளாக இருந்தால் வெப்பமும் ஈரமும் அதை விரைவாக மாற்றிவிடும். ஆகவே சாற்றை மேசையில் மாதக்கணக்கில் வைத்துவிட்டு அளக்காதீர்கள்.

நிறச் சோதனைகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிராகன்டார்ஃப் கரைசலில் ஆரஞ்சு வீழ்படிவு, ஃபெரிக் குளோரைடில் கருநீலம், குலுக்கினால் நுரை என்பவை திசைகாட்டிகள். வேறு பொருள்களும் அதே நிறத்தைத் தரும். மொத்தப் பீனால் அளக்கும் ஃபோலின் கரைசல் வைட்டமின் சி-யோடும் வினைபுரியும். உயிரியல் சோதனைகளில் இதைவிடப் பெரிய கண்ணி இருக்கிறது. சில சேர்மங்கள் கிட்டத்தட்ட எல்லாச் சோதனையிலும் "வேலை செய்வதாக" நடிக்கும். மஞ்சளின் குர்குமின் அப்படிப் பெயர் பெற்றது. ஆண்ட்ரோகிராபோலைடின் நிறைவுறாத லாக்டோனும் புரதங்களின் கந்தகத் தொகுதிகளோடு பிணைந்துகொள்ளக்கூடியது. எனவே செல்லில் ஒரு விளைவைக் கண்டதும் நோய்க்கு மருந்து என்று எழுதும் அவசரம் வேண்டாம். அதை நம்பி ஒருவர் வீட்டில் சாறு காய்ச்சிக் குடிக்கக்கூடும். மெத்தனால் சாறு பற்றிய முடிவு அவர் குடிக்கும் கஷாயத்துக்குப் பொருந்தாது.

நாளை ஆய்வகத்துக்குப் போனதும் செய்ய வேண்டியது இது. மீந்த சாற்றை இருண்ட கண்ணாடிக் குப்பியில் நாள் எழுதி உறைகுளிரில் வையுங்கள். நீங்கள் பயன்படுத்திய அதே மெத்தனாலை, தூள் போடாமல், அதே குடுவை, அதே வடிதாள், அதே குழாய் வழியே கொண்டுபோய் ஆவியாக்குங்கள். அந்த வெற்று மாதிரியை ஜி.சி.-எம்.எஸ்.-இல் ஓட்டி, உங்கள் நாற்பதில் எவையெல்லாம் அதிலும் வருகின்றன என்று பார்த்து, அவற்றை அடித்துவிடுங்கள். பக்கத்திலேயே ஒரு சிலிக்கா தகட்டில் உங்கள் சாற்றைப் புள்ளி வைத்து ஏற்றி, கெட்டே கரைசலைத் தெளித்துப் பாருங்கள். ஊதாப் புள்ளி தோன்றினால் அங்கிருந்து உங்கள் வேலை தொடங்குகிறது. அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள்.